ஒரு கிலோ முந்நூறு கிராம்

மார்ச் 4

அன்புத் தங்கை பூசணிக்கு,

உன் அண்ணன் எழுதுவது. கையெழுத்து கோணலாக இருந்தால் சிரிக்காதே. இடது கையில் இரண்டு குழாயைக் குத்தி டயாலிசிஸ் கட்டிலில் படுக்கவைத்திருக்கிறார்கள். வலது கையால் அட்டை வைத்து எழுதுகிறேன். இங்கே போன் பேச விடமாட்டார்கள். வாரத்தில் மூன்று நாள், நாளுக்கு நான்கு மணி நேரம் கூரையைப் பார்த்துக் கிடப்பதற்கு உனக்கு எழுதலாமே என்று தோன்றியது. வீட்டிலிருந்து பேசினால் உன் அண்ணி பக்கத்தில் நின்று மூக்கை உறிஞ்சுகிறாள், ஒரு வார்த்தை உருப்படியாகப் பேச முடிவதில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். உன் சோதனை முடிவுகளை எல்லாம் டாக்டர் நேற்று பார்த்துவிட்டார். ரத்தம் பொருந்துகிறது, மற்றதும் பொருந்துகிறது. "உங்க தங்கச்சி சிறுநீரகம் உங்களுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு" என்றார். ஒரே தடை உன் எடை. எண்பத்தாறு கிலோவோடு உன்னை ஆபரேஷன் மேசையில் ஏற்றமாட்டார்களாம். ஒன்றைக் கொடுத்த பிறகு மிச்சமிருக்கும் இன்னொன்றுக்கு அந்த எடை ஆகாதாம். எழுபத்தைந்துக்கு வந்தால் அடுத்த வாரமே தேதி குறிக்கிறேன் என்கிறார். என் கை நரம்பு இரண்டாவது தடவையாக அடைத்துக்கொண்டது உனக்குத் தெரியும். இனிமேல் குத்த இடம் அதிகம் இல்லை என்பதையும் அவரே சொன்னார். கோடை முடிவதற்குள் நடந்துவிட்டால் நான் பிழைத்தேன்.

பதினோரு கிலோதான். முப்பத்தைந்து வருஷம் லாரி எடைமேடையில் உட்கார்ந்தவனுக்கு அது ஒரு எடையே இல்லை. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நீ மதியச் சாப்பாடு கொண்டுவருவாய், உன்னைத் தூக்கி மேடையில் நிறுத்துவேன், முள் அசையவே அசையாது. "நான் இல்லவே இல்லையா அண்ணா" என்று அழுவாய். இப்போது அசையும் என்று நினைக்கிறேன்.

என் மச்சான் உன் ஊரில்தானே இருக்கிறான். அவனிடம் ஒரு எடை மிஷின் கொடுத்தனுப்புகிறேன். தினமும் காலையில் வெறும் வயிற்றில் ஏறி நின்று, குறித்து வைத்து, பதினைந்து நாளுக்கு ஒரு தடவை அனுப்பு. உன்னால்தான் எனக்கு விடிய வேண்டும்.

உன் அண்ணன்


மார்ச் 23

அன்புள்ள அண்ணாவுக்கு,

எடை மிஷின் வந்து சேர்ந்தது. அண்ணியின் தம்பி அதை என் அறை வாசலில் வைத்துவிட்டு, நான் ஏறி நிற்பதைப் பார்த்துவிட்டுத்தான் போவேன் என்பதுபோல நின்றார். தண்ணீர் கொடுத்து அனுப்பிவைத்தேன்.

தினசரி எடை தனித்தாளில் இருக்கிறது. படித்ததும் திட்டாதே. 86.2, மறுநாள் 85.4, அதற்கு மறுநாள் 85.9 என்று ஊஞ்சல் ஆடுகிறது. இந்த ஊர் ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசகர் அம்மாவிடம் கேட்டேன். உடம்பின் எடை ஒரே நாளில் ஒரு கிலோ, ஒன்றரைக் கிலோ ஏறி இறங்குமாம். குடித்த தண்ணீர், தின்ற உப்பு, வயிறு காலியானது ஆகாதது, எல்லாம் அந்த முள்ளில் ஏறி உட்கார்ந்துகொள்ளுமாம். "கொழுப்பு அவ்வளவு சீக்கிரம் வராது, அவ்வளவு சீக்கிரம் போகவும் போகாது. ஏழு நாளைக் கூட்டி ஏழால வகுத்துப் பாருங்க, அதுதான் உங்க எடை" என்றார். அதனால் வாரச் சராசரியை மட்டும் அனுப்பட்டுமா? உனக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி.

இருநூற்று இருபது பெண்களுக்குச் சமைக்கும் விடுதியில் பட்டினி கிடப்பது எப்படி என்று நீ வந்து பார்க்க வேண்டும். குழம்பை நாக்கில் வைத்து உப்புப் பார்த்துவிட்டுத் துப்புகிறேன். உதவிக்கு இருப்பவள் என்னைப் பைத்தியம் என்று நினைக்கிறாள். சாயங்காலம் நான்கு மாடியும் மூன்று முறை ஏறி இறங்குகிறேன். முழங்கால் என்னை வைகிறது.

இதைச் சொல்லிக்காட்டுவதாக நினைக்காதே. கல்யாணம் வேண்டாம் என்று நான் சொன்னபோது சொந்தக்காரர் எல்லாரும் என்னைக் கரித்துக் கொட்டினார்கள். நீ ஒருவன்தான் என் பக்கம் நின்றாய். நீ வாய் திறந்து கேட்டிராவிட்டாலும் கொடுத்திருப்பேன்.

உன் தங்கை


ஏப்ரல் 11

அன்புத் தங்கைக்கு,

தாள் வந்தது. ஏப்ரல் ஏழாம் தேதி 82.9. எட்டாம் தேதி 84.2. ஒரே நாளில் ஒரு கிலோ முந்நூறு கிராம். நர்ஸிடம் கட்டம் போட்ட தாள் வாங்கிக் கட்டில் தலைமாட்டில் உன் எடையைக் கோடாக வரைந்து ஒட்டியிருக்கிறேன். அந்தக் கோடு எட்டாம் தேதி நிமிர்ந்து நிற்கிறது.

சராசரி எல்லாம் என்னிடம் வேண்டாம். எடைமேடையில் சராசரி கிடையாது. காலியாகப் போன லாரி திரும்பி வரும்போது எடை கூடியிருந்தால் உள்ளே ஏதோ இருக்கிறது. எத்தனை டிரைவர்கள் என்னிடம் மழைத் தண்ணீர், டயரில் சேறு என்று கதை சொல்லியிருக்கிறார்கள் தெரியுமா? தார்ப்பாயை விலக்கிப் பார்த்தால் சரக்கு இருக்கும். எடை வானத்திலிருந்து குதிக்காது. அன்றைக்கு என்ன சாப்பிட்டாய் என்று நேராகச் சொல்லிவிடு, நான் கோபித்துக்கொள்ளமாட்டேன். சமையற்கட்டில் கை சும்மா இருக்காது என்பது எனக்கும் தெரியும்.

இனிமேல் காலை எடையோடு, முந்தின நாள் சாப்பிட்டதையும் எழுது. ஒன்றையும் விடாதே.

அண்ணன்


ஏப்ரல் 19

அண்ணாவுக்கு,

எட்டாம் தேதிக்கு விளக்கம் கேட்டிருக்கிறாய். ஏழாம் தேதி சாயங்காலம் ஒரு கைப்பிடி உப்புக்கடலை தின்றேன். ஒத்துக்கொள்கிறேன். கைப்பிடிக் கடலை ஐம்பது கிராம் இருக்குமா? மிச்சம் ஒரு கிலோ இருநூற்றைம்பது எங்கிருந்து வந்தது என்று நீயே சொல். உப்பு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டது. போதாததற்கு எனக்கு மாதவிலக்கு நாள். அந்த நாட்களில் உடம்பு நீர் கோத்துக் கால் வீங்கும். நாற்பத்து நான்கு வயதில் இதை அண்ணனுக்குக் கடிதமாக எழுத வைத்துவிட்டாய். பதினோராம் தேதி எடை 82.7. அதையும் உன் கோட்டில் வரைந்து பார்.

உனக்கு இதை நான் சொல்லித்தர வேண்டுமா? டயாலிசிஸுக்கு முன்னால் உன்னை நிறுத்துப் பார்க்கிறார்கள், பின்னால் நிறுத்துப் பார்க்கிறார்கள். நான்கு மணி நேரத்தில் இரண்டரைக் கிலோ குறைகிறது. அது கொழுப்பா? அது தண்ணீர் என்று இந்த உலகத்தில் உன்னைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்? உன் உடம்பில் ஏறினால் தண்ணீர், என் உடம்பில் ஏறினால் திருட்டா?

அண்ணியின் தம்பி புதன்கிழமை சாப்பாட்டு நேரத்தில் சமையற்கட்டுக்கே வந்துவிட்டார். பாத்திரம் கழுவும் இடத்தில் நின்று என் தட்டை எட்டிப் பார்த்தார். நான்கு பெண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யார் அனுப்பியது என்று கேட்டேன். "மாமாதான் ஒரு எட்டு பாத்துட்டு வரச் சொன்னார்" என்றார். தட்டில் அரைக் கரண்டிச் சோறும் ஒரு முட்டையும் இருந்தன. உனக்குத் தகவல் வந்திருக்கும்.

அண்ணா, அவமானமாக இருந்தது. இனிமேல் யாரையும் அனுப்பாதே. சென்ற வாரச் சராசரி 82.9. நான் குறைந்துகொண்டுதான் இருக்கிறேன்.

தங்கை


மே 6

தங்கைக்கு,

பக்கத்துக் கட்டிலுக்கு ஒரு பஸ் கண்டக்டர் வருவார், ஊசி குத்தும்போதெல்லாம் "டிக்கெட் டிக்கெட்" என்று கத்திச் சிரிக்க வைப்பார், அவர் திங்கட்கிழமை வரவில்லை. அவருடைய கட்டிலில் வேறு ஆள் படுத்திருக்கிறான். நர்ஸ் ஒன்றும் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. அன்று எனக்குக் கால் இரண்டும் முறுக்கிக்கொண்டு உயிர் போய் உயிர் வந்தது. எனக்குப் பயமாக இருக்கிறது. மூடி மறைத்து என்ன ஆகப்போகிறது? ராத்திரி பகல் அந்தக் கோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

என் தண்ணீரையும் உன் எடையையும் ஒன்றாகப் பேசாதே. என் உடம்பில் ஏறுவதை எடுக்க மிஷின் இருக்கிறது. உன் உடம்பில் ஏறுவதை இறக்க மனசு வேண்டும். மச்சான் போனபோது நீ தட்டைச் சேலைத் தலைப்பால் மறைத்தாயாமே. அப்புறமும் நான் நம்ப வேண்டுமா? ஏப்ரல் கடைசியில் மறுபடியும் 800 கிராம் ஏறியிருக்கிறது.

கொடுக்க மனமில்லை என்றால் முகத்துக்கு நேராகச் சொல்லிவிடு. எடையைக் காட்டி நாளைக் கடத்தாதே. எனக்கு மனைவி இருக்கிறாள், படித்துக்கொண்டிருக்கும் இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். உன்னை நம்பி யார் இருக்கிறார்கள்? புருஷனா, பிள்ளையா? ஒரு சிறுநீரகத்தோடு நீ வாழ்ந்தாலும் இரண்டோடு வாழ்ந்தாலும் யாருக்கு என்ன வித்தியாசம்? யோசித்துப் பார்.

அண்ணன்


ஜூன் 3

தங்கைக்கு,

நான்கு வாரமாகப் பதில் இல்லை. போன் செய்தால் எடுப்பதில்லை. அன்று எழுதியதில் ஏதாவது அதிகமாகப் போயிருந்தால் நோயாளி பேச்சு என்று விட்டுவிடு. வலியில் என்ன எழுதினேன் என்று எனக்கே சரியாக நினைவில்லை. உன் அண்ணியும் உன்னைக் கேட்டதாகச் சொன்னாள்.

பெரிதாக ஒன்றும் எழுத வேண்டாம். ஒரு கார்டில் எடையை மட்டுமாவது எழுதிப் போடு. கோடு மே மாதத்தோடு நின்றுபோய்க் கிடக்கிறது.

அண்ணன்


ஜூன் 12

வாரச் சராசரி 78.1.


ஜூலை 9

அண்ணனுக்கு,

திங்கட்கிழமை உன் ஊர் ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தேன். நீ இரண்டாம் மாடியில் கட்டிலில் இருக்கும் நேரம் என்று தெரிந்துதான் அந்த நாளைக் கேட்டு வாங்கினேன். அண்ணி வெளியே பெஞ்சில் இருந்தாள். அவளோடு இரண்டு வார்த்தை பேசினேன், அவள் மேல் எனக்கு ஒன்றும் இல்லை.

அவர்கள் மிஷினில் என் எடை 74.6. முந்தின நாள் காலை என் அறையில் 75.4 இருந்தது. பஸ்ஸில் வந்த களைப்பில் எண்ணூறு கிராம் எங்கே போயிற்று என்று நீ விசாரிக்கலாம்.

டாக்டர் அண்ணியை வெளியே இருக்கச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார். சிறுநீரகம் கொடுக்க வருகிறவர்கள் எல்லாரிடமும் தனியாகக் கேட்பார்களாம். "இங்க நீங்க சொல்றது இந்த அறையைத் தாண்டாது. யாராவது கட்டாயப்படுத்தியிருந்தாலோ, உங்களுக்கே மனசு இல்லைன்னாலோ இப்பவே சொல்லிடுங்க. எடை சரிப்படலைன்னு நானே அவங்ககிட்ட சொல்லிடறேன், உங்க பேரு வராது" என்றார்.

எந்தப் பொய்யை நான் சொல்வதாக நீ இத்தனை மாதம் சாதித்தாயோ, அதையே அவர் எனக்கு மரியாதையாக நீட்டினார். வாங்கிக்கொள்ளலாமா என்று தோன்றியது. உன்னிடம் அதை மறைக்கப்போவதில்லை. வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், நீ சாகும்வரை என் நாக்கைத்தான் திட்டிக்கொண்டிருப்பாய், உண்மை உனக்குத் தெரியவே தெரியாது.

சம்மதம் என்று சொன்னேன். பாசத்தில் சொன்னதாக எடுத்துக்கொள்ளாதே. உன் பிள்ளைகளை நினைத்தேன் என்பதும் முழு உண்மை இல்லை. ஒரு கடிதத்துக்காக ஓர் ஆளைச் சாக விட்டவளாக மிச்ச நாளை ஓட்ட எனக்குத் தெம்பு இல்லை, அவ்வளவுதான். கொடுத்துவிட்டால் உனக்கும் எனக்கும் நடுவில் பேச ஒன்றும் பாக்கி இருக்காது.

தட்டை மறைத்தேன் என்று எழுதியிருந்தாய். மறைத்தது உண்மை. அரைக் கரண்டிச் சோற்றை ஓர் அந்நிய ஆள் குனிந்து எண்ணும்போது யாராக இருந்தாலும் மறைப்பார்கள். யார் இருக்கிறார்கள் உனக்கு என்றும் கேட்டிருந்தாய். அந்தக் கடிதத்தைப் பிரிக்கும்வரை நீ இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதை நீ மறந்துவிட்டதாகச் சொல்கிறாய். எனக்கு ஒரு எழுத்துக்கூட மறக்கவில்லை.

ஆபரேஷன் இருபத்திரண்டாம் தேதி காலை. உன்னிடமும் சொல்லியிருப்பார்கள். எனக்குத் தனி மாடியில் அறை கேட்டிருக்கிறேன். விடுதியில் என்னோடு வேலை செய்கிறவள் பத்து நாள் விடுப்புப் போட்டு என்னோடு வருகிறாள். நீ எழுந்து நடக்க ஆரம்பித்ததும் என்னைப் பார்க்க வர வேண்டாம், அண்ணியிடம் எதையும் கொடுத்தனுப்ப வேண்டாம், வீட்டுக்குப் போன பிறகு எழுதவும் வேண்டாம். நீ நன்றாக இருக்கிறாயா என்பதை டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வேன்.

படிவத்தில் உறவு என்று ஓர் இடம் விட்டிருந்தார்கள். நெருங்கிய உறவு இல்லாவிட்டால் சட்டம் லேசில் ஒப்புக்கொள்ளாதாம். அதனால் அங்கே தங்கை என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். இந்தக் கடிதத்தில் அதை எழுத வேண்டிய அவசியம் இல்லை.