முதல் பத்து நிமிடம்

என்னங்க,

ஹெல்மெட்டுக்குள் இதை வைக்கிறேன். அதை மட்டும் நீங்கள் மறப்பதில்லை.

பக்கத்து வீட்டுப் பெண் உங்கள் பைக் பயிற்சி வகுப்பைப் புகழ்ந்து தள்ளினாள். மழை தொடங்கிய முதல் பத்து நிமிடம் சாலையில் எண்ணெய் மிதக்கும், ஒதுங்கி நிற்க வேண்டும், முன் பிரேக்கை வெடுக்கென்று பிடிக்கக் கூடாது என்றீர்களாம். அத்தனையும் சரி. பிறகு, "பின்னாடி இருக்கிறவங்க பயந்து அசைஞ்சாலும் வண்டி சறுக்கும். என் பொண்டாட்டியே உதாரணம்" என்றீர்களாம்.

விபத்து நடந்த அன்று தூறல் விழுந்ததுமே, "கொஞ்சம் ஒதுங்கி நிப்போங்க" என்றேன். "எனக்கே சொல்லித்தர்றியா?" என்று வண்டியை முறுக்கினீர்கள். வளைவில் முன் பிரேக்கைப் பிடித்தது நான் இல்லை. உங்கள் பிழைப்பு கெடக் கூடாதென்று ஆறு வருடமாகப் பழியைச் சுமந்தேன்.

நாளைய வகுப்பில் பெயர் கொடுத்துவிட்டேன். ஊன்றுகோலோடு முதல் வரிசையில் உட்காருவேன். செருப்பு வாங்கும்போதெல்லாம் மிஞ்சிய இடது கால் செருப்புகளையும் கொண்டுவருகிறேன். உங்கள் மாணவர்களுக்கு ஆளுக்கொன்று கொடுக்கலாம்.

பிரேக் பாடத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். கவலைப்படாதீர்கள், அசையாமல் உட்கார்ந்திருப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் உதாரணம்