வீட்டுக்கு வராமல் ஹோட்டலில் நின்றவளுக்கு

லண்டனில் சட்டன் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் இருக்கிற அந்த மலிவு ஹோட்டலுக்கு நேற்றுப் போக வேண்டி வந்தது. ஒரு கலியாணத்துக்குக் கனடாவிலிருந்து வந்த சித்தி குடும்பம் அங்கேதான் நிற்கிறது. லிஃப்ட் கதவு திறந்ததும், அன்று நீ நின்றபோது இருந்த அதே மணம்: ஈரக் கார்ப்பெட், அதன்மேல் எலுமிச்சை வாசம் போட்ட கிளீனர். சித்தி கதைத்துக்கொண்டே முன்னால் நடந்தார். நான் லிஃப்ட் வாசலிலேயே நின்றுவிட்டேன்.

இப்போது உறவுக்காரர் ஹோட்டலில் நின்றால் யாரும் குறை பிடிப்பதில்லை. நீ ஜெர்மனியிலிருந்து வந்தபோது அப்படியில்லை. மோர்டனில் என் வீடு இருக்க, பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவள் அறை எடுத்து நிற்பது எனக்கு அவமானமாக இருந்தது. கூட்டிப் போகத்தான் வந்தேன். நீ கதவைக் கொஞ்சமாகத் திறந்து, என் பின்னால் யாரும் இல்லையென்று பார்த்த பிறகே உள்ளே விட்டாய். மணிக்கட்டு நீலமாகக் கன்றியிருந்தது. நீயாகவே, "இனி அந்த வீட்டைப் போகமாட்டன்," என்றாய்.

அன்று காலை உன் கணவரின் தமையன் பிளேஸ்டோவிலிருந்து எனக்குப் போன் எடுத்திருந்தார். "பிள்ளை, அவள் அங்க வந்தவளோ?"

"என்ர வீட்டை வரேல்லை, அண்ணை," என்றேன். அது உண்மை.

அதை உன்னிடம் சொன்னபோது சிரித்தாய். "நீ பொய் சொன்னா குரலே காட்டிக் குடுத்திடும். பிறகேன் உன்ர வீட்டை வர?"

கட்டில் மேல் உன் போன் அதிர்ந்து அதிர்ந்து ஓய்ந்தது. இரண்டு பேரும் அதைப் பார்க்காத மாதிரி இருந்தோம். அப்போதுதான் மேசையில் இருந்த சின்ன ரைஸ் குக்கரைக் கண்டேன்.

"வீட்டை விட்டு ஓடி வாற ஆள் குக்கரையோ தூக்கிக்கொண்டு வாறது?"

"அது நான் வாங்கினது. ஏன் அவருக்கு விட்டிட்டு வர?"

நான் கொண்டுவந்த பருப்புக் கறியைத் திறந்தாய். சோறு கொதித்து ஆவி நேராகக் கூரைக்குப் போனது. தீ அலாரம் அலறத் தொடங்கியது.

ஹோட்டலே தெருவில் நின்றது. குளித்த ஈரத்தோடு துவாய் கட்டின தலைகள், செருப்பில்லாத கால்கள். நீ என் கோட்டைப் போர்த்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பி நின்றாய். ஒளிந்திருக்க வந்தவளை உன் சோறே தெருவில் கொண்டுவந்து நிறுத்திவிட்டது. மரக்கறிப் பையோடு வந்த ஒரு பெண் எங்களைப் பார்த்து நடையைக் குறைத்தார். அந்தத் தமையனின் மனைவிக்கு ஒன்றுவிட்ட அக்கா. கோயிலில் பார்த்துப் பழகிய முகம்.

"நீங்கள் ஜெர்மனியில இருக்கிறவ எல்லோ? இதென்ன இஞ்ச நிக்கிறியள்?"

"கலியாணம் ஒண்டுக்கு..." என்று நான் தொடங்கினேன்.

நீ திரும்பினாய். "இல்லை, அக்கா. நான் அவரை விட்டிட்டு வந்திட்டன். இந்த ஹோட்டலிலதான் நிக்கிறன். கேட்டா சொல்லுங்கோ."

அவர் உன் முகத்தையும் மணிக்கட்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சாப்பிட்டனீங்களோ?" என்று கேட்டார்.

"சோறு மேல கிடக்கு. அதாலதான் இவ்வளவு பேரும் கீழ நிக்கினம்."

பொழுதுபடத் தமையன் வந்துவிட்டார். அவரை அறைக்கு விடாமல், கீழே பிரேக்ஃபாஸ்ட் கொடுக்கிற இடத்தில் இருக்கச் சொன்னாய். அவர் சத்தம் போடவில்லை. அதுதான் எனக்குக் கூடுதலாகப் பயம் தந்தது. "வீட்டை வாரும் பிள்ளை. அண்ணி சமைச்சு வைச்சிருக்கிறா. சாப்பிட்டிட்டு ஆறுதலாக் கதைப்பம்," என்றார்.

"உங்கட வீட்டில ஒரு நேரம் சாப்பிட்டிட்டு, உங்களுக்கு மாட்டன் எண்டு சொல்ல எனக்கு ஏலாது. இஞ்சயே கேளுங்கோ. நான் அவரிட்டத் திரும்பிப் போறேல்லை."

பிறகுதான் எனக்கு விளங்கியது. நீ என் வீட்டில் நின்றிருந்தால், உன்னைத் தேடி வருகிற அவர் என் விருந்தாளி. தேத்தண்ணி கொடுத்து, என் கணவரும் பக்கத்தில் இருந்து, எல்லாரும் சேர்ந்து உன்னைச் சமாதானப்படுத்தியிருப்போம். நானும்தான்.

அவர் கடைசியாக ஒன்று கேட்டார். "அப்ப நான் அவனுக்கு என்னெண்டு சொல்ல?"

"நான் சொன்னதைச் சொல்லுங்கோ."

அவர் எழும்பிப் போனார். கதவு மூடிய பிறகுதான் என் இடது கையில் உணர்ச்சி இல்லாததைக் கவனித்தேன். அவ்வளவு நேரமும் மேசைக்குக் கீழே அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாய். மேலே உன் குரல் ஒரு தரமும் நடுங்கவில்லை.

அதன் பிறகு உனக்கென்று எடுத்த வாடகை வீட்டில் நீ இருந்த காலம் நீளமில்லை. போன மாசியில் நோய் உன்னைக் கொண்டுபோய்விட்டது. இப்போதும் பெரியவர்கள் யாருக்காவது மாட்டேன் என்று சொல்ல வேண்டி வந்தால், குரல் வருவதற்கு முன்னால் என் இடது கை தானாக மூடிக்கொள்கிறது. அதற்குப் பிறகு சொல்லிவிடுகிறேன்.