பெட்டி தள்ளுகிற கேம்

ஜூன் 9, புதன்

காலையிலேயே மண்டையைப் பிளக்கிற வெயில். கம்பெனியை லாக்-அவுட் செய்து ஒரு மாதத்துக்கு மேல். இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் கேட் பந்தலில் உட்கார்ந்து, கோஷம் போட்டு, டீ குடித்து, வந்தாச்சு. பதினோரு மணிக்கு ஒரு ஆம்பிளை வீட்டில் என்னதான் செய்வது?

யூசுப் பூந்தமல்லியிலிருந்து சைக்கிளில் வந்தான். கம்பெனி ஸ்டோர்ஸில் என்னோடு டிராலி தள்ளுகிறவன். கேரியரில் டி.வி. கேம், துபாயிலிருந்து அவன் அண்ணன் அனுப்பியது. அவன் வீட்டில் டி.வி. இல்லை. கேசட் ஒன்றே ஒன்று, மேலே ஜப்பானோ சீனாவோ, புரியாத எழுத்து.

"சுட்றது கிட்றது எதுனா கீதா?"

"இல்ல மச்சான். ஒரு ஆளு, கொஞ்சம் பொட்டி. தள்ளிக்கினே இருக்கணும்."

என் பெண்டாட்டி சாந்திக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அங்க தள்ளுனது போதலையாங்க? அங்கயாச்சும் சம்பளம் குடுத்தாங்க."

ஜூன் 10, வியாழன்

தொப்பி போட்ட குட்டி ஆள். ஒரு கோடவுன். பெட்டிகளைக் குறி போட்ட இடத்தில் சேர்க்க வேண்டும். தள்ளலாம், இழுக்க முடியாது. மூலையில் மாட்டிக்கொண்டால் போச்சு, முதலிலிருந்து. எதிரி கிடையாது. ஒரே பாட்டு, காதுக்குள் ஈ புகுந்த மாதிரி.

விளையாடத் தகுந்ததா? இல்லவே இல்லை. மத்தியானம் முழுக்க விளையாடினோம். சாப்பாடு ஆறிப்போய் சாந்தியிடம் திட்டு.

வாங்க: கெரோசின், புளி, தீப்பெட்டி.

ஜூன் 12, சனி

கம்பெனியிலிருந்து தபால். இனி சங்கத்தோடு சேர்ந்து தகராறு செய்ய மாட்டேன் என்று தனியாகக் கையெழுத்துப் போட்டால் உள்ளே எடுத்துக்கொள்வார்களாம். படிக்கும்போதே உடம்பெல்லாம் எரிந்தது. யூசுப்புக்கும் வந்திருக்கிறது. அவன் மனைவிக்கு நிறைமாசம் வேறு.

"நீ போடலன்னா நானும் போடல மச்சான். போட்டா ரெண்டு பேரும் ஒண்ணா போடுவோம்."

கேட்கக் கேட்க நெஞ்சு நிறைந்தது. அதற்குப் பிறகு மூன்று கட்டம் தாண்டினோம். ஸ்டிக் என் கையில், மூளை அவனுடையது. நான் அவசரப்படுவேன், அவன் பின்னாலிருந்து "அத தள்ளாத, அத தள்ளாத" என்பான்.

ஜூன் 14, திங்கள்

புழுக்கம். கரண்ட் போய் வந்ததில் கேம் முதல் கட்டத்துக்கே போய்விட்டது. சேர்த்து வைக்க வழியே இல்லாத மெஷின். மறுபடி ஆரம்பித்தேன். உட்கார முடியவில்லை, எழுந்தாலும் போக இடமில்லை.

"ஒரு கையெழுத்துதானே, போட்டாதான் என்னவாம்?" என்றாள் சாந்தி.

ஒன்று ஒத்துக்கொள்ள வேண்டும். இதை விளையாடும்போது கேட் ஞாபகம் வருவதில்லை. மாட்டிக்கொண்டாலும் வேறு யார்மீதும் பழி போட முடியாது. விளையாடத் தகும் என்றே தோன்றுகிறது, யூசுப் பக்கத்தில் இருந்தால்.

இன்று அவன் வரவில்லை. ஆஸ்பத்திரியாக இருக்கும்.

ஜூன் 15, செவ்வாய்

கேட்டில் போலீஸ். கையெழுத்துப் போட்டவர்களை ஏற்றிக்கொண்டு கம்பெனி பஸ் உள்ளே போனது. ஜன்னலெல்லாம் நியூஸ்பேப்பர் ஒட்டி, ஒன்றில் மட்டும் பாதி கிழிந்து. குனிந்த தலைதான், ஆனால் எனக்குத் தெரியாதா?

பந்தலில் ஒருத்தர், "இன்னாப்பா, உன் தோஸ்த்துதானே அது?"

"தெர்லண்ணே" என்றேன்.

சாந்தியிடமும் சொல்லவில்லை. டி.வி.யைப் போடவில்லை.

ஜூன் 16, புதன்

சாயங்காலம் கேம் போட்டேன். பதினோராவது கட்டம். யூசுப் வந்தான். யூனிஃபார்ம் சட்டை, காலர் அழுக்கு. வாசற்படியிலேயே நின்றான்.

"ஆண் கொழந்த மச்சான்."

திரும்பவில்லை. சாந்திதான் சந்தோஷப்பட்டு, உள்ளே வரச்சொல்லி, காபி போடப் போனாள்.

"ஒங்கிட்ட சொல்லிட்டுதான் போட்ருக்கணும். ஆஸ்பத்திரில கீறேன், கையில ஒண்ணுமில்ல... எதுனா பேசு மச்சான். திட்டவாச்சும் திட்டு."

கடைசிப் பெட்டிக்கு வந்திருந்தேன். வலது பக்கம் தள்ளினால் மூலை. எனக்கே தெரிந்தது.

"அத தள்ளாத" என்றான் பின்னாலிருந்து, மெதுவாக.

தள்ளினேன்.

பெட்டி மூலையில் மாட்டிக்கொண்டது. பிறகு செருப்புச் சத்தம், சைக்கிள் ஸ்டாண்டு எடுக்கிற சத்தம். சாந்தி இரண்டு டம்ளரோடு வந்து, "எங்கங்க அவரு?" என்றாள்.