பதினெட்டு ஏழானது

அன்புள்ள அப்பாவுக்கு,

நலமாக இருக்கிறீர்களா? புருணையில் மழை விட்டதா? தைப்பூச விரதம் தொடங்கிவிட்டீர்கள், மெஸ்ஸில் சோறும் தயிரும் மட்டும்தான் சாப்பிடுகிறீர்கள் என்று அம்மா சொன்னார். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் போன் செய்யும்போது அம்மா பக்கத்திலேயே நிற்கிறார். எனக்கும் பேச வாய் வருவதில்லை. அதனால் எழுதுகிறேன்.

எனக்குக் குணமாகிவிட்டது என்று அம்மா சொல்லியிருப்பார். கிளினிக்கில் எனக்கு ஆலோசனை தரும் சுதா மிஸ் எப்போதும் ஒரே கேள்விகளைத்தான் கேட்பார். இந்த இரண்டு வாரத்தில் எத்தனை நாள் பயம் வந்தது, நெஞ்சு படபடத்ததா, தூக்கம் கெட்டதா என்று. பதில்களுக்கு மதிப்பெண் போட்டுக் கூட்டுவார். முதலில் பதினெட்டு வந்தது. போன வாரம் ஏழு. இவ்வளவு இறங்கினால் நல்ல முன்னேற்றமாம். அடுத்த மாதம் ஒரு தடவை வந்தால் போதும், அதோடு முடித்துக்கொள்ளலாம் என்றார். அம்மா அங்கேயே அழுதுவிட்டார். வெளியே வந்ததும் ரகுபதி மாமாவுக்குப் போன் போட்டு, "இவ அப்பா காவடி வேண்டிக்கிட்டது வீண் போகலண்ணே, முருகன் கேட்டுட்டான்" என்றார்.

நான் பொய் சொல்லவில்லை அப்பா. பயம் வரவில்லைதான். வகுப்பில் எழுந்து படிக்கச் சொன்னால் மூச்சடைக்கும், பள்ளியை விட்டாயிற்று. ரயில் கூட்டத்தில் நடுங்கும். ரயிலில் ஏறுவதே இல்லை. கிளினிக்குக்கும் அம்மாவோடு டாக்ஸிதான். வீட்டுக்குள்ளேயே இருப்பவளுக்கு எதைப் பார்த்துப் பயம் வரும்? எங்கெல்லாம் போனாய் என்று யாரும் கேட்கவில்லை. கேட்காததைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

இந்தச் செவ்வாய்க்கிழமை அம்மாவுக்குக் காய்ச்சல். வீட்டுக்குக் கீழே இருக்கும் டெக்கா சந்தைக்கு நானே தனியாக இறங்கினேன். ஹலீமா ஆன்ட்டி கடையில் கறிவேப்பிலை கேட்டேன். அவர் காதில் விழவில்லை. "சத்தமா சொல்லு லா கண்ணு, கோழிக்குஞ்சு மாதிரி பேசுறியே" என்று சிரித்தார். மறுபடியும் கேட்டேன். நெஞ்சு படபடத்தது, சட்டையெல்லாம் வேர்வை, ஆனாலும் வாங்கிக்கொண்டுதான் திரும்பினேன். இரண்டு இரவு சரியாகத் தூங்கவில்லை. இப்போது அந்தக் கேள்விகளைக் கேட்டால் என் எண் ஏறிவிடும். ஆனால் எனக்குத் தெரிந்து, நான் கொஞ்சமாவது தேறியது அன்றைக்குத்தான். அம்மாவின் சந்தோஷமான முகத்தைப் பார்த்தால், இனி கீழே போகாமலே இருந்துவிடலாம் என்றுகூடத் தோன்றுகிறது. களைப்பாக இருக்கிறது அப்பா.

கிளினிக்கில் கடைசிச் சந்திப்பு தைப்பூசத்துக்கு முந்தைய வாரம், வியாழக்கிழமை. லீவைக் கொஞ்சம் முன்னதாக எடுக்க முடியுமா? அந்த அறையில் என்னோடு உட்காருங்கள். நீங்கள் பேச வேண்டாம். சந்தைக்குப் போனதை நானே சொல்லப் பார்க்கிறேன். குரல் வராவிட்டால் எனக்காக நீங்கள் சொல்லுங்கள்.

காவடியை நிறுத்தச் சொல்லவில்லை. குணமாகிவிட்டது என்று நன்றி சொல்லித் தூக்காதீர்கள், அவ்வளவுதான். இன்னும் கேட்டுக்கொண்டே தூக்குங்கள். அந்தக் கூட்டத்தில் கூடவே நடக்க என்னால் முடியாது. காவடி கிளம்பும் பெருமாள் கோயில் வாசல் வரை வருகிறேன்.

முருகன் உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உங்கள் பிள்ளை,
கவிப்ரியா