ஸ்டோர் சாவி

மதுரை
9.2.1979

பாப்பா அப்பாவுக்கு,

உடம்புக்குத் தேவலை. என்னைக் கூட்டிட்டுப் போக வரலாமான்னு டாக்டரம்மாவுக்கு எழுதியிருந்தீங்களாம். எனக்கு ஒரு வரி எழுதலை.

இந்த ஆஸ்பத்திரியில ஊசியைவிடப் படம்தான் அதிகம். கனவுல வர்றதை அப்படியே வரையச் சொல்றாங்க. நாலு மாசமா நான் வரைஞ்சது ஒரே படம்தான். அடுப்புச் சூட்டுல ஏலக்காய் உலத்துற நம்ம ஸ்டோரு, சாத்தின கதவு, பூட்டு மேல உங்க கை. மோதிரம்கூட அச்சு அசலா வரும்.

போன வாரம் டாக்டரம்மா, "அந்தக் கதவுக்கிட்ட நீ எங்கம்மா நிக்கிறே?"ன்னு கேட்டாங்க. ரெண்டு நாள் கழிச்சுக் கரித்துண்டை எடுத்து என்னையும் அதுல வரைஞ்சேன்.

அன்னைக்கு எல்லாரும் பாப்பாவை ஓடைப்பக்கம் தேடினப்ப, ஸ்டோரையும் பாத்துருவோம்னு நான் சொன்னேன். "தீ போட்டாச்சு, இப்பத் திறந்தா காய் வெளுத்துரும், நாளைக்குப் பாப்போம்"னீங்க. நான் அதோட வாயை மூடிக்கிட்டேன். மறுநாள் திறந்ததைப் பத்தி எழுத மாட்டேன்.

பூட்டிட்டு நீங்க சாவியை என்கிட்டதான் குடுத்திருந்தீங்க. தேடின நேரமெல்லாம் அது என் இடுப்புலதான் இருந்துச்சு. வரைஞ்சப்பதான் தெரிஞ்சுது.

இப்பப் படத்துல ரெண்டு பேர் நிக்கிறோம். வர்றதுன்னா வாங்க. முதல்ல அதைப் பாருங்க, அப்புறம் என்னைக் கூப்பிடுங்க.

அன்னைக்கு ஸ்டோர்ல இருந்த லோடு, காய் நல்ல பச்சைன்னு போடி ஏலத்துல மெச்சினாங்களாம், அண்ணன் சொன்னாரு.

இங்க எல்லாக் கலரும் தர்றாங்க. பச்சையை மட்டும் நான் இன்னும் தொடலை.

பாப்பாவோட அம்மா