வளைவு நிலையத்தில் அரை நிமிடம்

மார்ச் 3, செவ்வாய்

காலை 8.14 வண்டி இன்றும் தாமதம். ஒன்பதாவது நாள். வளைவு நிலையம் என்று நாங்கள் சொல்லும் நிறுத்தத்தில் அரை நிமிடம் பிந்துகிறது. அதனால் கிளைப்பாதை வந்து சேரும் இடத்தில் தன் முறையைத் தவறவிட்டு நிற்கிறது, பின்னால் வரும் ஆறு வண்டிகளும் வரிசையாக நிற்கின்றன. திட்டு மட்டும் எனக்கு. கால அட்டவணைப் பிரிவில் என்னை உட்கார வைத்திருப்பதே மேலாளர் கத்திப் பழகத்தான் போலிருக்கிறது.

"உன் அட்டவணை தப்பா, ஓட்டுறவன் தப்பா?"

"அட்டவணை சரியாத்தான் சார் இருக்கு." மற்ற ஓட்டுநர்கள் அதே நேரத்துக்குள் ஓட்டுகிறார்களே! 8.14-ஐ ஓட்டும் இவர் போன மாதம்தான் இந்தத் தடத்துக்கு வந்தவர்.

மார்ச் 5, வியாழன்

அந்த ஓட்டுநரிடம் விளக்கம் கேட்டுக் கடிதம் போய்விட்டது. ஆபீசில் அவருக்கு 'ஆமை' என்று பெயர் வைத்தாயிற்று. நானும் சிரித்தேன்.

மார்ச் 9, திங்கள்

இருக்கிற தலைவலி போதாதென்று, எங்கள் தடத்தில் ரயில் ஓடத் தொடங்கி ஐம்பது ஆண்டு ஆனதற்கு மலர் போடுகிறார்களாம். வரலாறு நான் எழுத வேண்டுமாம். "நீதான் நல்லா எழுதுவியே." என் லீவு லெட்டரைத் தவிர மேலாளர் வேறென்ன படித்திருக்கிறார்?

பதிவறையில் மூக்கெல்லாம் தூசி. நாலு பெட்டி, பதினோரு நிலையம், இருபது நிமிடத்துக்கு ஒரு வண்டி என்று தொடங்கியிருக்கிறது. இன்று எட்டுப் பெட்டி, மூன்று நிமிடத்துக்கு ஒன்று. வளைவு நிலையத்தில் ஊரின் தண்ணீர்த் தொட்டியை இடிக்க மனமில்லாமல் தண்டவாளத்தையே அதைச் சுற்றி வளைத்திருக்கிறார்கள். நடைமேடையும் வளைந்துவிட்டது. இருபத்திரண்டு வருடம் இங்கே குப்பை கொட்டுகிறேன், இது எனக்குத் தெரியாது.

மார்ச் 10, செவ்வாய்

பழைய அட்டவணை எல்லாம் கையால் வரைந்தவை. மேசையளவு தாள், ஒவ்வொரு வண்டியும் ஒரு சாய்ந்த கோடு. வண்டி நிற்கும் இடத்தில் கோடு படுத்திருக்கும். வளைவு நிலையத்தில் மட்டும் எல்லாக் கோடும் அரை நிமிடம் கூடுதலாகப் படுத்திருக்கிறது. ஓரத்தில் பென்சிலில், 'இறங்கிப் பார்க்க.'

ஏழு வருடத்துக்கு முன் இவற்றைக் கணினியில் ஏற்றியது நான்தான். எல்லா இடத்திலும் இருபது விநாடி, இங்கே மட்டும் ஐம்பதா? யாரோ கை தவறி வரைந்திருக்கிறார்கள் என்று நானே வெட்டினேன். ஒருவரையும் கேட்கவில்லை. அதற்குப் பாராட்டுச் சான்றிதழ் வேறு!

மார்ச் 11, புதன்

8.14-இல் முன் பெட்டியில் போனேன். வளைவு நிலையத்தில் ஓட்டுநர் கீழே இறங்கினார், நாலு எட்டு நடந்து வால்வரை எட்டிப் பார்த்தார், ஏறினார், கதவை மூடினார். கடைசி நிலையத்தில் பிடித்துக் கேட்டேன்.

"வளைவுல கடைசி ரெண்டு பெட்டி கண்ணுக்கே தெரியலம்மா. கதவுல யாராச்சும் மாட்டிக்கிட்டா? பாக்காம எப்படி எடுக்கிறது?"

"மத்தவங்க எடுக்கிறாங்களே அண்ணே."

"அவங்களுக்குத் தைரியம் ஜாஸ்தி."

பதினேழாம் தேதி விசாரணை. இனி வண்டி ஓட்ட விடமாட்டார்கள் என்று அவருக்கே தெரிந்திருக்கிறது. அங்கே கேமரா வைக்கச் சொன்ன கோப்பு நாலு வருடமாக மேசை மேசையாக மாறிக்கொண்டிருக்கிறது.

மார்ச் 12, வியாழன்

மேலாளரிடம் சொன்னேன். "மலர் வர்ற நேரத்துல, ஏழு வருஷமா தப்பா ஓட்டினோம்னு எழுதித் தரப் போறியா? பேசாம போய் வேலையப் பாரு."

வீட்டுக்காரரும் அதையேதான் சொல்கிறார். "உனக்கு எதுக்குடி ஊர் வம்பு? அடுத்த மாசம் பிரமோஷன் லிஸ்ட்ல உன் பேர் இருக்கு." இருக்கிறது. அதுதான் தடுக்கிறது. ஊர் வம்பா இது? நான் இழுத்து வைத்த வம்பு.

மார்ச் 14, சனி

இன்னும் யாருக்கும் எழுதித் தரவில்லை. கோழை.

மார்ச் 17, செவ்வாய்

கூப்பிடாமலே விசாரணைக்குப் போனேன், பழைய அட்டவணைத் தாளைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு. "இவர் லேட் பண்ணல சார். நான் வெட்டின நேரத்தத்தான் இவர் எடுத்துக்கிறார்." மேலாளர் முகத்தில் ஈயாடவில்லை. எழுத்தில் கேட்டார்கள், கொடுத்தேன்.

வெளியே வந்ததும் ஓட்டுநர் கேட்டது, "டீ குடிக்கிறீங்களாம்மா?" அவ்வளவுதான். குடித்தோம்.

ஏப்ரல் 6, திங்கள்

ஓட்டுநர் மேல் நடவடிக்கை இல்லை. பட்டியலில் என் பெயரும் இல்லை. தொலைந்த பொருள் பிரிவுக்கு மாற்றல். நானும் நாற்பது குடைகளும். எரிச்சல் எரிச்சலாக வருகிறது. உண்மையைச் சொன்னால் மனசு லேசாகுமாமே — யார் கிளப்பிவிட்ட கதை இது?

மே 4, திங்கள்

அந்த அரை நிமிடத்தைத் திரும்பச் சேர்த்த புதிய அட்டவணை இன்றுமுதல். 8.14-இல் ஏறினேன். வளைவு நிலையத்தில் நின்றது. நின்றுகொண்டே இருந்தது. பக்கத்தில் நின்றவர் வாட்சைப் பார்த்துப் பல்லைக் கடித்தார்.

"எல்லா ஸ்டேஷன்லயும் டக்குனு எடுக்கிறான், இங்க மட்டும் குத்துக்கல்லு மாதிரி நிக்குது. எந்தப் புண்ணியவான் போட்ட டைம்டேபிளோ!"

"நான்தாங்க" என்றேன்.

ஏற இறங்கப் பார்த்துவிட்டு இரண்டடி தள்ளி நின்றுகொண்டார். கதவு மூடியது. கிளைப்பாதை சேரும் இடத்தில் வண்டி நிற்கவே இல்லை.