எட்டுப் படங்களிலும் ஒரு கோடு

அன்பு மகள் கடுகுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நான், அப்பா, அத்தை மூவரும் நலம். நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். இல்லையென்று தெரிந்தால் அடுத்த பஸ்ஸில் ஏறி வந்துவிடுவேன், பார்த்துக்கொள்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் நான் 'காலேஜ்' என்று ஆரம்பித்தாலே, "அம்மா, கடைக்கு ஆள் வந்துட்டாங்க, அப்புறம் பேசறேன்" என்று துண்டித்துவிடுகிறாய். ஒன்றரை வருஷமாக நீ வேலை பார்க்கிற மருந்துக்கடைக்கு, நான் அந்த வார்த்தையைச் சொல்கிற நேரம் பார்த்துத்தான் ஆட்கள் வருகிறார்கள். கடிதமென்றால் நடுவில் ஆள் வந்தாலும் கவனித்து அனுப்பிவிட்டு மறுபடி எடுத்துப் படிக்கலாம்.

உட்கார்ந்துகொண்டு படி. உன் அம்மா கல்லூரியில் சேர்ந்துவிட்டாள். பதினெட்டு வருஷமாக எந்தக் கல்லூரியின் கேன்டீனை நடத்துகிறேனோ அதே கல்லூரி. நீ படித்த அதே முதலாண்டு உயிரியல். வயது வரம்பு எடுத்துவிட்டார்கள் என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்தது. பலகை கேன்டீன் வாசலில்தான் இருக்கிறது. தினமும் அதைப் பார்த்துக்கொண்டே பன் அடுக்கினால் எத்தனை நாள்தான் கை சும்மா இருக்கும்? விண்ணப்பத்தை வாங்கிப் பூர்த்தி செய்து கொடுத்துவிட்டு வந்துதான் உன் அப்பாவிடம் சொன்னேன். அவர் பழுதுபார்க்கிற லிஃப்ட் நடுமாடியில் நின்றுபோனால் எப்படி விழிப்பாரோ அப்படி விழித்தார். பிறகு, "பரீட்சைக்கு என்னைத் துணைக்குக் கூப்பிடாதே" என்றார். அவ்வளவுதான் அவருடைய சம்மதம்.

காலையில் வகுப்பு முடியும்வரை அத்தை கேன்டீனைப் பார்த்துக்கொள்கிறாள். டீயில் சர்க்கரையை அள்ளிக் கொட்டுகிறாள். ஆனால் கூட்டம் கூடித்தான் இருக்கிறது, அதை அவளிடம் சொல்லிவிடாதே.

ஏன் சேர்ந்தேன் என்பதை உன்னிடம் மறைக்கவில்லை. ரெக்கார்டு நோட்டில் கையெழுத்துக் கிடைக்காமல், செய்முறைத் தேர்வுக்கு விடாமல், செல் உயிரியலில் நீ தோற்றுப்போனாய். யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் பெட்டியைக் கட்டினாய். நோட்டை மட்டும் அலமாரிக்கு மேலே எறிந்துவிட்டுப் போனாய். ஒருநாள் தூசி தட்டும்போது அது என் தலையில் விழுந்தது. பிரித்தேன். எட்டுப் படம், எட்டின் மேலும் குறுக்கே சிவப்பு மை. என் பெண்ணைத் தோற்கடித்த இந்தச் செல் அப்படி என்னதான் பெரிய ஆள், நானும் ஒரு கை பார்த்துவிடுகிறேன் என்று தோன்றியது. வேறு காரணமில்லை.

நேற்று முதல் செய்முறை வகுப்பு. வெங்காயத் தோல். உள்மடலிலிருந்து கண்ணாடி மாதிரி மெல்லிய சவ்வைக் கிழியாமல் உரித்தெடுக்க வேண்டும். பிள்ளைகளெல்லாம் பாதிப் பாதியாகக் கிழித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். நான் ஒரே இழுப்பில் எடுத்தேன். மேடம், "எங்க கத்துக்கிட்டீங்க?" என்றார். "உங்க எல்லாருக்கும் போட்ட சாப்பாட்டுலதான்" என்றேன். வகுப்பே சிரித்தது. மேடம் யாரென்று நினைக்கிறாய்? உன் சிவப்பு மைதான். பிள்ளைகள் இன்னும் அந்தப் பட்டப்பெயரைத்தான் சொல்கிறார்கள். படத்தைத் திருத்தும்போதும் சிவப்பு, வருகைப் பதிவேட்டிலும் சிவப்பு.

சவ்வை ஒரு சொட்டு நீரில் விரித்து, அயோடின் விட்டு, மூடுகண்ணாடியை ஊசியால் சாய்த்துச் சாய்த்து இறக்கினேன், காற்றுக் குமிழி புகாமல். பிறகு குனிந்து பார்த்தேன். கடுகு! செங்கல் செங்கலாக அடுக்கி வைத்த மாதிரி அத்தனை அறைகள். ஒவ்வொன்றிலும் ஓரமாக ஒதுங்கி ஒரு மஞ்சள் புள்ளி. அதுதான் உட்கரு, நடுவிடத்தை நீர்ப்பை அடைத்துக்கொள்வதால் அது சுவரோரம் தள்ளப்பட்டிருக்கிறது என்றார் மேடம். இத்தனை வருஷத்தில் எத்தனை மூட்டை நறுக்கியிருப்பேன், இவ்வளவு குடித்தனம் உள்ளே நடக்கிறது என்று யாராவது சொன்னார்களா?

உன் நோட்டில் ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் 'நுண்ணோக்கி எண் 7' என்று எழுதியிருந்தாய். லேப் அண்ணாவிடம் கேட்டு அதையே வாங்கிக்கொண்டேன். உன் வெள்ளை அங்கியையும்தான் போட்டுக்கொண்டு போகிறேன். மூச்சை இழுத்துப் பிடித்தால் பொத்தான் போடலாம்.

கோபித்துக்கொள்ளாதே. நன்றாக இரு.

அன்புடன்,
முதலாண்டு மாணவி, உன் அம்மா

*

அன்பு கடுகு,

உன் தபால் அட்டை வந்தது. 'அம்மா, உனக்கு எதுக்கு இந்த வேலை' என்று ஒரே ஒரு வரி. ஒரு வரியானாலும் உன் கையெழுத்து. அப்பா அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிகிறார். நான்காவது மாடி லிஃப்டுக்கும் காட்டியிருப்பார்.

இந்த வாரம் உன் அம்மாவுக்கு மானம் போனது. கேள்.

கன்னத்துச் செல். பல்குச்சியால் கன்னத்தின் உள்பக்கம் மெதுவாகச் சுரண்டி, கண்ணாடியில் தடவி, நீலச் சாயம் ஒரு சொட்டு. பார்த்தால் தட்டையாக, ஓரம் மடிந்து, ஆளுக்கொரு உருவத்தில், நடுவில் நீலப் புள்ளியோடு கிடக்கின்றன. என் வாய்க்குள்ளிருந்து வந்தவை! வீட்டில் சொன்னதிலிருந்து அப்பா தினமும் வாயைத் திறந்துகொண்டு வந்து நிற்கிறார், அவருடையதையும் பார்த்துச் சொல்ல வேண்டுமாம். பார்க்காமலே சொல்லிவிட்டேன், சோம்பலாகத்தான் படுத்திருக்கும் என்று.

சிவப்பு மை முதல் நாளே சொல்லிவிட்டார், புத்தகத்தில் இருப்பதை வரையக்கூடாது, கண்ணில் பட்டதை மட்டும் வரைய வேண்டும் என்று. நானும் கண்ணில் பட்டதையெல்லாம் வரைந்தேன். செல்லின் குறுக்கே ஒரு கறுப்புக் கோடும் தெரிந்தது. வெங்காயத்தில் நாலு பக்கமும் சுவர் பார்த்த கண்ணல்லவா, இதுவும் சுவர்தான் என்று அம்புக்குறி போட்டு 'செல்சுவர்' என்று கொட்டை எழுத்தில் எழுதிக் கொண்டுபோய் நீட்டினேன். மேடம் பார்த்தார். என்னைப் பார்த்தார். "விலங்கு செல்லுக்குச் சுவரே கிடையாதும்மா. நேத்துதான் ஒரு மணி நேரம் தொண்டை கிழிய நடத்தினேன்" என்றார். குறுக்கே ஒரு சிவப்புக் கோடு. கீழே, 'பார்க்காததை வரையாதே'.

மேசைக்குத் திரும்பி, என்னோடு அதே நுண்ணோக்கியைப் பகிர்ந்துகொள்ளும் பெண்ணிடம் புலம்பினேன். நல்ல பெண், ஆனால் பாதி நேரம் தூங்கி வழிவாள், நான் தூங்குமூஞ்சி என்றுதான் கூப்பிடுவேன். அவள் கொட்டாவி விட்டுக்கொண்டே, "அந்தக் கோடாக்கா? எனக்கும் தெரியுது. புத்தகத்துல இல்லையேன்னு விட்டுட்டேன்" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. வீட்டுக்கு வந்து உன் நோட்டை எடுத்துச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். சிவப்பு மைக்கு அடியில் உன் பென்சில் கோடு இருக்கிறது, கடுகு. எட்டுப் படத்திலும். வலது மேல்மூலையிலிருந்து நடுவுக்குச் சாய்ந்து, நுனியில் கொக்கி போல வளைந்து. ஒவ்வொன்றின் பக்கத்திலும் சின்னதாக ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறாய்.

என் படத்தை அதன் பக்கத்தில் வைத்தேன். அதே சாய்வு, அதே கொக்கி. நான் கேள்விக்குறி போடவில்லை, உனக்கு இருந்த புத்தி எனக்கில்லை. அதிகம் எழுதப் பயமாக இருக்கிறது. அடுத்த செய்முறை வகுப்பு வியாழக்கிழமை. அதுவரை சோறு இறங்காது.

அன்புடன்,
அம்மா

*

என் கண்ணே கடுகு,

இந்தக் கடிதத்தை எப்படி ஆரம்பிப்பது என்றே தெரியவில்லை. தலைகால் புரியாத சந்தோஷம். அத்தை என்னை உட்காரச் சொல்லி, அவளே டீ போட்டுக் கொடுத்தாள். ஐந்து கரண்டிச் சர்க்கரை. வாய் பேசாமல் குடித்தேன்.

வியாழக்கிழமை நீர்ச்செடி இலை. சாயம் எதுவும் வேண்டாம், ஒரு இலையைக் கிள்ளி நீரில் வைத்தால் போதும். முதலில் பச்சை மணிகள் சும்மா கிடந்தன. விளக்கின் சூட்டில் கொஞ்ச நேரம் கழித்து ஒன்று நகர்ந்தது, அதன் பின்னால் இன்னொன்று. பார்த்துக்கொண்டே இருக்கும்போது எல்லாம் சுவரோரமாகச் சுற்ற ஆரம்பித்தன, ஒன்றையொன்று முட்டாமல், வரிசை கலையாமல். நான் போட்ட சத்தத்தில் தூங்குமூஞ்சியே விழித்துவிட்டாள். பசுங்கணிகம் என்று பத்துத் தடவை மனப்பாடம் செய்திருந்தேன். அது இப்படி ஓடும் என்று தெரியாமல் போயிற்றே! அந்த இலைக்குள் யாரும் பார்க்காதபோதும் இது நடந்துகொண்டேதான் இருந்திருக்கிறது.

அப்போதுதான் கவனித்தேன். நம் கோடு நடுவில் நிற்கிறது. மணிகள் அதன்மேல் மோத வேண்டும், அல்லது விலகிப் போக வேண்டும். இரண்டும் செய்யவில்லை. அப்படி ஒன்று அங்கே இல்லாத மாதிரி நேராகக் கடந்து போயின.

நம் கேன்டீனில் பன் வைக்கிற கண்ணாடிப் பெட்டியை நினைத்துக்கொண்டேன். அதில் ஈ உட்கார்ந்தால் பன்மேல் உட்கார்ந்த மாதிரிதான் இருக்கும். தட்டை இழுத்துப் பார்ப்பேன். பன் நகரும், ஈ நகராது. சரி, கண்ணாடியில்தான் இருக்கிறது என்று துடைப்பேன். அதையே இங்கேயும் செய்தேன். கண்ணாடித் தகட்டை மெல்ல நகர்த்தினேன். இலை போயிற்று, கோடு அப்படியே நின்றது. கண் வைத்துப் பார்க்கும் குழாயின் மேல்வில்லையைத் திருகினேன். இலை அப்படியே நின்றது, கோடு சுற்றியது. கொக்கியும் கூடவே சுற்றியது.

உன் நோட்டைப் பையில்தான் வைத்திருந்தேன். நேரே சிவப்பு மையிடம் போனேன். கோபமாகத்தான் போனேன், பொய் சொல்லவில்லை. அவர் வந்து குனிந்தார். வில்லையைத் திருகினார், மறுபடி திருகினார். கழற்றி வெளிச்சத்தில் பிடித்தார். உள்வில்லையில் மயிரிழை போல ஒரு கீறல். அதற்குப் பிறகு உன் நோட்டை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். எட்டாவது படம் வந்ததும் முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். "எட்டுலயும் ஒரே இடம். கேள்விக்குறி வேற போட்டிருக்கா. நான் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை குனிஞ்சு பார்த்திருக்கணும்" என்றார். அந்த நுண்ணோக்கியில் உட்கார்ந்த மற்றவர்கள் எல்லோரும் கோட்டைப் பார்த்துவிட்டு, புத்தகத்தில் இல்லையென்று விட்டிருப்பார்கள், அவர்களுக்கெல்லாம் கையெழுத்துப் போட்டேனே என்று வருந்தினார். நான் கொண்டுபோன கோபம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை.

மறுநாள் அவரே கேன்டீனுக்கு வந்தார். உன் நோட்டில் எட்டுப் பக்கத்திலும் கையெழுத்துப் போட்டுக் கொண்டுவந்திருந்தார், நீல மையில். கல்லூரி அலுவலகத்துக்கும் எழுதிக் கொடுத்துவிட்டார். உன் பெயர் பதிவேட்டில் இன்னும் இருக்கிறதாம். அடுத்த மாதம் பன்னிரண்டாம் தேதி எங்களுக்குச் செய்முறைத் தேர்வு. நீயும் அதில் உட்காரலாம். முதல் வகுப்பில் இனிமேல் உன் படங்களைக் காட்டித்தான் பாடத்தை ஆரம்பிக்கப் போகிறாராம், நீ சம்மதித்தால். உன்னிடம் நேரில் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றார். நான் வேண்டாமென்று சொல்லவில்லை.

அவர் கேட்பது இருக்கட்டும். நான் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது.

கையெழுத்துக் கிடைக்காத அன்றைக்கு நீ நோட்டைத் தூக்கிக்கொண்டு கேன்டீனுக்கு ஓடி வந்தாய். "அம்மா, கோடு இருந்துச்சும்மா, நான் பார்த்தேன்" என்றாய். கூட்ட நேரம். நான் பன் தட்டை அடுக்கிக்கொண்டே, நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "மேடம் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றேன். நீ பாடத்தில் தோற்றதற்காகப் போனாய் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். எதற்காகப் போனாய் என்று எனக்குத் தெரியும். சிவப்பு மை ஒரு தடவை குனிந்து பார்க்கவில்லை. நான் ஒரு தடவை நிமிர்ந்து பார்க்கவில்லை. என்னை மன்னித்துவிடு, அம்மாடி.

எனக்குப் புதிய அங்கி தைத்தாகிவிட்டது. உன்னுடையதைத் துவைத்து, நான் தெறிக்கவிட்ட பொத்தானைத் தைத்து, அறைக் கதவுக்குப் பின்னால் மாட்டியிருக்கிறேன். லேப் அண்ணா ஏழாம் எண்ணுக்குப் புது வில்லை போட்டுவிட்டார், பளிச்சென்று இருக்கிறது. பழையதை எனக்குக் கொடுங்கள் என்று வாங்கிவைத்திருக்கிறேன். உன் கையில்தான் கொடுக்க வேண்டும். தேர்வில் எண் வரிசைப்படி உட்கார வைத்தால் நீ என் பக்கத்தில் வரமாட்டாய், அதுவும் நல்லதுதான், இல்லாவிட்டால் உன்னைப் பார்த்து எழுதினேன் என்பார்கள்.

அந்தக் கோடு வெங்காயத்தில் இல்லை, கன்னத்தில் இல்லை, இலையில் இல்லை. ஆனால் இருந்தது. நீ பார்த்ததைத்தான் வரைந்தாய்.

எங்கிருந்தாலும் இதே கண்ணோடு நூறு வருஷம் நன்றாக இரு. பன்னிரண்டாம் தேதிக்கு முன்னால் வந்து சேர். அப்பா தினமும் சாயங்கால பஸ்ஸைப் போய்ப் பார்த்துவிட்டு, சும்மா நடக்கப் போனேன் என்கிறார். அவரும் பொய் சொல்லி எத்தனை நாள்தான் சமாளிப்பார்?

நீ பார்த்ததை இப்போது தானும் பார்த்துவிட்ட,
உன் அம்மா